ஏழு கை ஆக்டோபஸின் எட்டாவது கை

மார்ச் 4
ராட்சசி வந்துவிட்டாள்! ஆழ்கடல் வலையில் சிக்கிய ஆக்டோபஸ். கப்பல்காரர்கள் இரண்டு ஐஸ் பெட்டிகளைச் சேர்த்துவைத்துக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் கொழகொழ, தூக்கினால் வழிகிறது. கைநுனிகள் பிய்ந்தது போக அளந்தேன்: இரண்டு மீட்டர் அறுபத்தைந்து. அருங்காட்சியகத்தில் ஒருவருக்கும் மதியச் சாப்பாட்டு நினைவே இல்லை. அதே வலையில் ஒரு சின்னதும் இருந்தது, ஒரு முழம்கூட வராது. பதிவேட்டில் ‘குட்டி’ என்று எழுதினேன்.

மார்ச் 5
குட்டியைக் கழுவியது நான். காப்பாளர் அம்மா கைகளை எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணினார்.

“எட்டாவது எங்க? கழுவும்போது பிச்சிட்டீங்களா?”

இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். இந்த மாதக் கடைசியில் என் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று எழுதப்போகிறவர் அவர்தான். தொட்டியின் கழிவுக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். அழுக்குதான் வந்தது.

மார்ச் 6
நான்தான் பிச்சேனா? பிச்சா எனக்குத் தெரியாதா?

மார்ச் 7
பிய்ந்திருந்தால் காயம் இருக்க வேண்டுமே! லென்ஸை வைத்துத் தேடினேன். காயமே இல்லை. வலது கண்ணுக்குக் கீழே மட்டும் ஒரு புடைப்பு. தொட்டால் உள்ளே சுருள் சுருளாக ஏதோ... காப்பாளர் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டேன். என்ன தைரியம் எனக்கு!

அவர் படித்ததெல்லாம் சிப்பிகள். தடிப்புத்தகத்தைப் புரட்டினார், படித்தார், புடைப்பை மெல்லக் கீறினார். சுருண்டு படுத்திருந்தது எட்டாவது கை! பெண்ணிடம் விந்தைச் சேர்ப்பதற்கென்றே ராட்சசியின் இனத்து ஆண் அதைப் பைக்குள் ஒளித்து வைத்திருக்குமாம்; எவ்வளவு வளர்ந்தாலும் இந்த அளவுதானாம். அப்படியானால் இது குட்டியே இல்லை. முழுதாக வளர்ந்த ஆண், ராட்சசிக்கு மாப்பிள்ளை.

“உங்க மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிடுங்கம்மா” என்றார்.

சிரித்துக்கொண்டே அழுதேன்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் என் தோளுயரம். “அப்ப நான் பரவாயில்லையே!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். நாத்தனார் போனில், “எங்கண்ணனை ஜாடியில போட்டுடாதீங்க அண்ணி” என்றாள்.

மார்ச் 8
‘குட்டி’யை அடித்து ‘ஆண்’ என்று திருத்தினேன்.

மார்ச் 28
இருவரையும் காட்சிக்கு வைத்தோம், பக்கத்துப் பக்கத்தில். சின்ன ஜாடிக்கான சீட்டைக் காப்பாளர் அம்மா தானே எழுதிக் கொண்டுவந்தார். முதிர்ந்த ஆண். கைகள் எட்டு. அதற்குக் கீழே, ‘அடையாளம் கண்டவர்’ என்ற இடத்தில் என் பெயர்.

“தற்காலிக ஊழியர் பேரைச் சீட்டுல போடக் கூடாதேம்மா” என்றேன்.

“ஆமா, போடக் கூடாது” என்று சொல்லிவிட்டு, பசையை என்னிடம் நீட்டினார்.