முன்னோக்கி நடுகிறவர்கள்

2025 ஜூலை 6, ஞாயிறு

'கடைமடை' மேசை ஆட்டத்தின் பெட்டி வந்துவிட்டது. மாதா கோவிலில் இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு மன்றத்துப் பின்னறையில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக் கூட்டம் முழுவதும் சூழ்ந்து நிற்கப் பிரித்தோம். மூடியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் 'ஆட்டமும் விதிகளும்: ம. மரியசுந்தரம்'. பொதுப்பணித்துறையில் மதகும் வாய்க்காலும் வரைந்தே ஓய்வுபெற்றவனுக்கு இந்த வயதில் இது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பெயரை விரலால் தடவினேன். வங்கியில் வேலை செய்யும் ஏஞ்சல் மேரி பார்த்துவிட்டாள்.

"அழியாது அங்கிள். பிரிண்ட்தான்."

ஏரித் தண்ணீர் கடைசி வயல் வரை போய்ச் சேர வேண்டும், அதுதான் ஆட்டம். இரண்டு வருட உழைப்பு. கரியமாணிக்கத்தில் பயிர் வைக்கும் புகழேந்தி மட்டும் ஆட்டத்தைத் தொடாமல் மூடிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சார் இது? முன்னாடி போய்க்கினே நடறாங்க?"

படத்தில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். நட்ட பயிர் அவர்கள் காலுக்குப் பின்னால் இருக்கிறது. முகத்துக்கு எதிரே வெறும் சேறு.

"நட்டத எல்லாம் மிதிச்சிக்கினு போறாங்கபா. எங்க வயல்ல இப்பிடி நட்டா எங்கம்மா கழுத்தப் புடிச்சி வரப்புல தள்ளும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஏப்ரலில் பதிப்பகத்தார் இந்தப் படத்தை எனக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். மதகு சரியான இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு 'நன்று' என்று எழுதியவன் நான். பின்னோக்கி நகர்ந்துதான் நடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

ஜூலை 9

ஏஞ்சல் மேரி படத்தை ஆட்டக்காரர்களின் இணையக் குழுவில் போட்டுவிட்டாள். பற்றிக்கொண்டது. 'இது ஏ.ஐ. வரைந்த படம்' என்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆட்டத்தை வெளியிட்ட முக்காலிப் பதிப்பகத்தைப் போன வருடம் ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. புதிய தலைவர் கலைவேந்தன் ஜனவரியில், 'எங்கள் ஆட்டங்களில் ஒவ்வொரு படமும் ஓவியர் கையால் வரைந்தது' என்று அறிவித்திருந்தார். அந்த ஓவியரின் பெயர் என்ன என்று குழுவில் கேட்கிறார்கள். பதில் இல்லை. பெட்டியிலும் பெயர் இல்லை.

ஜூலை 14

இப்போது என் மேல் திரும்பிவிட்டது.

குழுவில் ஒருவர்: 'படம் மட்டும்தானா? விதிப்புத்தகத்தைப் பாருங்கள். எண் போட்டு, பிசிறே இல்லாமல் மனிதன் எழுதுவானா?' மணிவண்ணன் என்று இன்னொருவர் துக்க விதியைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். துக்கச் சீட்டு எடுத்தவர் அந்தச் சுற்றில் மடை திறக்கக் கூடாது. பக்கத்து வயல்காரர் துக்க வீட்டு வயலுக்கு முதலில் பாய்ச்சிவிட்டுத்தான் தன் வயலுக்குத் திருப்ப வேண்டும் என்பது விதி. 'எதிராளிக்கு முதலில் உதவி செய் என்று எந்த ஆட்டத்திலாவது இருக்குமா? மெஷின் உளறியிருக்கிறது.'

நானா உளறினேன்? அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தபோது எங்கள் வயலில் தண்ணீர் நின்றது. யார் திருப்பியது என்று அம்மா கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

ஆனாலும் புத்தகத்தை மறுபடி படித்தேன். 'முதலாவதாக', 'எனினும்', 'மேற்கண்டவாறு' — வாழ்நாள் முழுக்க அலுவலகக் குறிப்பு எழுதிய கை. உண்மையிலேயே மெஷின் மாதிரிதான் இருக்கிறது. மனைவி மதலேனாளிடம் சொன்னேன்.

"கல்யாணத்துக்கு முன்ன எனக்கு எழுதின லெட்டர்லயே ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுத்தான் எழுதினீங்க. அப்ப ஏதுங்க மெஷினு?" என்றாள்.

ஜூலை 15

இன்று குழுவைப் பார்க்கவில்லை.

பொய். பார்த்தேன்.

ஜூலை 24

கலைவேந்தன் தொலைபேசியில் அழைத்தார். இனிமையான குரல்.

"உங்க பேரு கெடறது எனக்கே கஷ்டமா இருக்கு சார். ஒரு நல்ல வழி இருக்கு."

இரண்டாம் பதிப்பின் பெட்டி மேல் ஒரு ஸ்டிக்கர்: 'இந்த ஆட்டத்தில் ஏ.ஐ. இல்லை.' கீழே என் கையெழுத்து. துக்க விதி யாருக்கும் புரியவில்லையாம், அதை எடுத்துவிடலாமாம்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, "படம்?" என்று கேட்டேன்.

"படம் ஏ.ஐ.ல பண்ணதுதான் சார். எங்க டீம் மேல கொஞ்சம் டச்-அப் பண்ணாங்க. அது ஒரு பிரஷ் மாதிரி, அவ்வளவுதான்."

"அப்படியானால் இல்லை என்று எப்படி..."

"விதியில இல்லையே சார்? உங்க கையெழுத்து உங்க விதிக்குத்தானே?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறந்தது முதல் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

கூட்டத்தில் சொன்னேன்.

"போட்டுடுங்க அங்கிள்," என்றாள் ஏஞ்சல் மேரி. "விதிய நீங்கதான் எழுதினீங்க. அத நிரூபிக்க வேற வழி இருக்கா? படம் அவங்க செஞ்ச பாவம்."

"படத்துக்கும் சேத்துத்தான் ஸ்டிக்கரு. நாளைக்கி வெளிய வந்தா சார் மேலயே வுழும்," என்றான் புகழேந்தி. "ஆனா நீ ஏன் அவசரப்படுத்தற, ஏஞ்சல்? சார் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள பத்தாவது பதிப்பே வந்துடும்."

சிரித்தேன். வலித்தது.

அவள் சொல்வதும் சரிதான். கையெழுத்துப் போட்டால் என் பேர் துலங்கும். அதுதான் ஆசை காட்டுகிறது. போடாவிட்டால் இரண்டாம் பதிப்பே வராமல் போகலாம். பேரைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை விடுவதா, ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு... இல்லை, கையெழுத்துப் போட்டால் எதைக் காப்பாற்றுகிறேன் என்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 3

மறுத்துப் பதில் எழுதினேன். கிழித்தேன். சம்மதித்து எழுதினேன். அதையும் கிழித்தேன்.

ஆகஸ்ட் 15

மாதா விண்ணேற்புத் திருநாள். கோவிலில் நெருக்கம். நாளை புதுச்சேரியில் மேசை ஆட்டக் கண்காட்சி. கலைவேந்தன் வருகிறார். முன்வரிசையில் எனக்கு இடம் போட்டிருக்கிறாராம்.

ஆகஸ்ட் 16, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கலைவேந்தன் மேடையில் இருந்தார். 'படம் வரைந்தது யார்?' என்று பின்வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் புன்னகையோடு, "விதிகளை எழுதின மரியசுந்தரம் சாரே வந்திருக்கார். ஏ.ஐ. இருக்கா இல்லையான்னு அவரே சொல்லட்டும்," என்று மைக்கை என் கைக்கு அனுப்பினார். நான் எதிர்த்துப் பேசமாட்டேன் என்று கணித்திருந்தார். நல்ல கணிப்புதான்.

எழுந்தேன். குரல் நடுங்கவில்லை, எனக்கே வியப்பு.

விதிகளை நான் எழுதினேன் என்றேன். அதிலுள்ள குறைகள் என்னுடையவை. படத்தை ஏ.ஐ. செய்தது, இதைத் தலைவரே என்னிடம் சொன்னார். நாற்று நடுகிறவர்கள் எந்தப் பக்கம் நகர்வார்கள் என்று அதற்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், இருந்தும் கவனிக்காமல் ஒப்புதல் கொடுத்தேன். துக்க விதியை எடுக்க மாட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "அந்த விதி ஜெயிக்கறதுக்கு எப்பிடி சார் உதவும்?" என்றார்.

"உதவாது," என்றேன். "ஆனால் அடுத்த சுற்றில் அந்தச் சீட்டு உங்களுக்கும் வரும்."

இறங்கி வந்த கலைவேந்தன் என் காதருகே, "இத எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே சார்?" என்றார்.

"யோசித்துச் சொல்கிறேன் என்றேனே. இப்போதுதான் யோசித்து முடித்தேன்."

இது நான் சொன்னதுதானா? ஆமாம். நான்தான்.

வண்டியில் வரும்போது புகழேந்தி வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "மைக்க நீங்க திருப்பித் தரவே இல்ல சார். அந்தாளே வந்து வாங்கிக்கினு போனான்!"

ஆகஸ்ட் 22

முக்காலியிலிருந்து கடிதம். இரண்டாம் பதிப்பு இல்லை. ஆட்டத்தின் உரிமையை எனக்கே திருப்பித் தருகிறார்கள். "போச்சா?" என்றாள் மதலேனாள். போச்சு என்றேன். மீன் குழம்பு நன்றாக இருந்தது; இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாங்களே அச்சிடப் போகிறோம். ஆட்டப் பலகையை நானே கோட்டுப் படமாக வரைகிறேன். மூடியில் படம் கிடையாது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மண்ணாடிப்பட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து ஒருவர் வந்திருந்தார். பெயர் கேட்டேன். மணிவண்ணன் என்றார். குழுவில் உளறல் என்று எழுதியவர். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாற்காலி காட்டினேன், உட்கார்ந்தார். சுமாராக ஆடினார். பாதி ஆட்டத்தில் கையைத் தூக்கினார்.

"சார், எனக்கும் துக்கச் சீட்டு, பக்கத்து வயல்காரருக்கும் துக்கச் சீட்டுன்னா, யாரு தண்ணி பாய்ச்சறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியவில்லை," என்றேன்.

"அதுக்கு அடுத்த வயல்காரன்தான்!" என்றான் புகழேந்தி. "அவன் வயலு மேட்டுல இருந்தா?" என்றார் மணிவண்ணன். இருவரும் எழுந்து நின்று கத்த, ஏஞ்சல் மேரி மேசையைத் தட்ட, மன்றத்தைப் பூட்ட வந்தவரும் சாவியோடு நின்று தன் பங்குக்கு ஒன்று சொன்னார். முடிவு வரவில்லை. அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார் மணிவண்ணன்.

விதிகளைச் சுத்தப் பிரதி எடுக்கிறேன். துக்க விதிக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.