ஐம்பது மீட்டர், எண்பது வினாடி

என் செல்ல ஸ்டெல்லாக்கா,

களைப்பாக இருக்கிறது. உனக்கு எழுதும்போது நலமா என்று கேட்டுத் தொடங்க முடியாது. அதனால் என் களைப்பிலிருந்தே தொடங்குகிறேன். இன்று சனிக்கிழமை. விடியற்காலையில் நீச்சல்குளத்துக்குப் போய் நீந்திவிட்டு வந்து, சோறு வடித்து, துணி துவைத்துப் போட்டு, இப்போதுதான் உட்கார்ந்தேன். தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று நீ கேட்க மாட்டாய். மற்ற எல்லோரும் கேட்டாயிற்று.

நீ போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. சர்ச்சில் பூசை முடிந்து நடந்து வந்தவள், வீட்டு கேட்டைத் திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். எனக்குத் தகவல் வந்தபோது நான் பொம்மனஹள்ளி வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். அடக்கத்தன்று உன் அண்ணன் என்னைப் பார்த்து, "இந்த வயசுல நீச்சல் நீச்சல்னு அலைஞ்சீங்களேம்மா ரெண்டு பேரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னார்.

ஆபீஸில் உன் டெஸ்பாட்ச் மேஜை மேல் ஒரு பிரிண்டரை வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க அது கத்துகிறது. பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிக்கிற எனக்குத்தான் தலைவலி. உன் டிபன் டப்பா ஒன்று இன்னும் என் டிராயரில் இருக்கிறது. உன் வீட்டில் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது குளத்தைப் பற்றி. நம் லேடீஸ் பேட்சை எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நாம் ஓடி ஓடிப் போவோமே, அந்த ஒரு மணி நேரம் இனிமேல் குழந்தைகள் கோச்சிங்குக்காம். கடைசியில் நாங்கள் நாலு பேர்தான் வந்துகொண்டிருந்தோம், அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. புதிதாக வந்திருக்கும் செக்ரெட்டரியிடம் போய் நின்றேன். மரியாதையான மனிதர். நம்மூர்ப் பக்கத்துத் தமிழர்தான்.

"மார்னிங் பேட்ச்ல இடம் இருக்கு மேடம். ஆனா அங்க எல்லாரும் ஃபாஸ்ட். நடுவுல ஒருத்தர் ஸ்லோவா போனா பின்னாடி வர்றவங்க இடிச்சுக்குவாங்க. அம்பது மீட்டரை எழுபது செகண்ட்ல முடிச்சுக் காட்டுங்க. கார்டு போட்டுத் தர்றேன்" என்றார். ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார், அதுவரை சாயங்கால பேட்ச் ஓடும் என்றார்.

என் கணக்கு உனக்குத் தெரியும். எண்பது வினாடி. நீ இருந்த கடைசி வருடமும் எண்பதுதான், நீ போன பிறகும் எண்பதுதான். மூன்று வருடமாக அந்த எண் என்னைப் பிடித்து வைத்திருந்தது. பத்து வினாடி என்றால் கேட்கிறவர்களுக்குச் சின்ன விஷயம். எனக்கோ, அந்தப் பத்து வினாடி குறையாவிட்டால் குளம் இல்லை. நீயும் நானும் ஆபீஸ் பேச்சும் வீட்டுப் பேச்சும் இல்லாமல் இருந்த இடம் அது ஒன்றுதானே? உன் கல்லறைக்கு நான் இரண்டு தடவைதான் போயிருக்கிறேன். குளத்துக்கு வாரம் நாலு நாள் போகிறேன். என்னைப் பொறுத்தவரை நீ இருக்கிற இடம் அதுதான்.

தொண்ணூற்றேழில் என் முதுகு வலிக்கு டாக்டர் நீச்சல் என்று சொன்னபோது நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "வாடி, நானும் வரேன்" என்றாய். உனக்கும் நீச்சல் தெரியாது என்று குளத்தில் இறங்கிய பிறகுதானே சொன்னாய்? அங்கே இருந்த கோச் கையைப் பிடித்துச் சொல்லித் தருகிறேன் என்று வந்தார். நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வேண்டாம் சார்" என்றோம். அதன் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூச்சம். இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்து உதைத்து நாமாகவே கற்றுக்கொண்டோம்.

சிவாஜிநகரில் அந்த டெய்லரிடம் காஸ்ட்யூம் தைக்கக் கொடுத்தோமே, ஞாபகமிருக்கிறதா? முழங்கால்வரை பேண்ட், அதற்கு மேல் ஒரு பாவாடை, உள்ளே லைனிங். தண்ணீரில் இறங்கினால் பாவாடை குடை மாதிரி விரிந்து நிற்கும். நீ பார்த்துவிட்டு, "கோமதி, நீ நீந்த வேணாம், அப்படியே மெதக்கலாம்" என்றாய். அதுவரை உன்னை நீங்கள், வாங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே "நீ சும்மா இரு அக்கா" என்று சொல்லிவிட்டேன். அதோடு மரியாதை போனது, நல்லவேளையாக.

என் கண்தான் பெரிய தொல்லை. மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றினால் எதிர்ச் சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. முதல் தடவை முழுக் குளத்தையும் கடந்தபோது நேராகப் போய்ச் சுவரில் முட்டி நெற்றி வீங்கிவிட்டது. மறுநாள் நீ ஒரு மஞ்சள் துண்டோடு வந்தாய். எதிர்க் கரையில் என் நேருக்கு நின்று அதை ஆட்டினாய். "மஞ்சள் தெரியுதா? அத பாத்துக்கிட்டே வா" என்று கத்தினாய். ஒரு கையில் துண்டு, இன்னொரு கையில் கடிகாரம். நான் இரண்டு மூன்று வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, மஞ்சளைப் பார்த்து, மறுபடி வீசி, உன்னிடம் வந்து சேர்வேன். இரண்டு நிமிடத்தில் தொடங்கி எண்பது வினாடிவரை வந்தது அப்படித்தான். பிறகு நீ இறங்குவாய், நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிகாரம் பார்ப்பேன்.

செக்ரெட்டரி கெடு கொடுத்த பிறகு நான் செய்யாத கூத்தில்லை. கையை வேகமாக வீசினேன். பாதிக் குளத்தில் மூச்சு முட்டியது, வந்து சேர்ந்தபோது எண்பத்திரண்டு. நீச்சல் சாமான் விற்கும் கடைக்குப் போய், வெட்கத்தை விட்டு, ஒழுங்கான காஸ்ட்யூம் வாங்கினேன். எழுபத்தெட்டு. தொம்மலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்து, வேகம் கூடாதவர்களுக்கான யோசனைகளைப் பிரிண்ட் எடுத்து வந்தேன். முதல் வரியே தலையைத் தாழ்த்தி வையுங்கள் என்றுதான் இருந்தது. அது எனக்கில்லை என்று தாண்டிவிட்டு மற்றதை எல்லாம் கோடு போட்டுப் படித்தேன். என் தலை தாழ்ந்துதான் இருக்கிறது என்று அவ்வளவு நிச்சயம் எனக்கு.

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "ஒலிம்பிக்ஸ் எப்போ? சொன்னா லீவு போடுவேன்" என்றார். சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ஆபீஸ் முடிந்து, குளம் முடிந்து, பஸ்ஸில் நின்று வீட்டுக்கு வந்து, உட்காராமல் சப்பாத்தி உருட்டுவேன். இரண்டு வாரம் ஓடிவிட்டது. போதும், விட்டுவிடலாம் என்று தோன்றாத நாளில்லை. யாருக்காக இது? உனக்காகவா, எனக்காகவா?

கௌரம்மாவை உனக்குத் தெரியும். லேடீஸ் பேட்சுக்குக் காவலாக ஸ்டூலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருப்பாள், அவளுக்கே நீச்சல் தெரியாது. நீ போன பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எனக்கு நேரம் சொல்கிறவள் அவள்தான். ஒரு நாள் நான் எண்பதில் வந்து சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். பூவைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், ஆ கடெ யாரித்தாரெ? தலெ எத்தி எத்தி யாரன்ன நோட்தீரா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், தலையைத் தூக்கித் தூக்கி யாரைப் பார்க்கிறீர்கள் என்று.

"யாரும் இல்ல" என்றேன்.

"இல்லா மேடம், நோட்தீரா" என்றாள், பார்க்கிறீர்கள் என்று அவள் விடவில்லை. தன் கழுத்தை நீட்டி, முகத்தைத் தூக்கி, நான் பார்க்கிற மாதிரியே செய்து காட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உடை மாற்றும் அறைக்குப் போய் ஈரத்தோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக எதிர்க் கரையில் யாரும் இல்லை. இரண்டு வருடமாக நான் ஒவ்வொரு நீச்சலிலும் பத்துப் பதினைந்து தடவை தலையைத் தூக்கி உன்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அது எனக்கே தெரியவில்லை. தலை மேலே வந்தால் கால் கீழே போகும், கால் கீழே போனால் உடம்பு மொத்தமும் தண்ணீரை எதிர்த்து நிற்கும். நான் கையில் வைத்திருந்த தாளில் அதுதான் எழுதியிருந்தது.

மறுநாள் முதல் தலையைக் குனிய முயன்றேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பழக்கம் போகாதது ஒரு பக்கம். அதைவிட, பார்க்காமல் போகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. நாலு வீச்சுக்கு மேல் தாங்காது, தலை தானாக மேலே வரும். வெறும் சுவரும் மங்கலான வெளிச்சமும். மறுபடி குனிவேன். குளத்தின் தரையில் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது அக்கா, சுவருக்குக் கொஞ்சம் முன்னால் அது குறுக்கே பிரிந்து முடிகிறது. என் கண்ணுக்குக்கூட அது தெரிகிறது. ஆறு வருடமாக அதன் மேலேயே நீந்தியிருக்கிறோம். நாம் யாரையாவது கேட்டிருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பார்கள். கேட்டால்தானே?

எழுபத்தாறு. எழுபத்து மூன்று. ஒரு நாள் மறுபடி எண்பது, அன்றைக்கு உன் பிறந்தநாள். பிறகு எழுபத்தொன்றில் நாலு நாள் நின்றது. கௌரம்மா ஒவ்வொரு தடவையும் நேரத்தைச் சொல்லிவிட்டு, தலையைத் தூக்கினேனா இல்லையா என்பதையும் சொல்வாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

இன்று காலை கடைசி நாள். அவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். குளிரில் தண்ணீர் மேல் ஆவி மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. செக்ரெட்டரி ஸ்டாப்வாட்சோடு நின்றார். காலை பேட்ச் ஆண்கள் இரண்டு பேர் கரையில் நின்று பார்த்தார்கள், முன்பென்றால் அதற்கே திரும்பி வந்திருப்பேன். இறங்கினேன், சுவரை உதைத்தேன், போனேன். தொட்டு எழுந்தபோது செக்ரெட்டரி, "சிக்ஸ்டி எய்ட், மேடம். நாளைக்கே ஃபோட்டோ கொண்டுவாங்க" என்றார். அறுபத்தெட்டு அக்கா. நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை.

வெளியே அவர் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"முடிஞ்சது."

"பாஸா?"

"ம்."

"அப்புறம் ஏன் அழுவுற?"

குளோரின் என்றேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் மேலே கேட்கவில்லை. வழியில் நிறுத்தி ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான், எனக்குத்தான் சொல்ல வாய் வரவில்லை.

உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அந்த அறுபத்தெட்டு வினாடியும் நீ என் நினைவில் இல்லை. கை, மூச்சு, கீழே அந்தக் கோடு, அவ்வளவுதான் இருந்தது. சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கிய பிறகுதான் நீ செத்துப்போனது எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்தில் தூக்கத்தில்கூட அதை நான் மறந்ததில்லை. மறந்திருந்தது சுகமாக இருந்தது அக்கா. பெரிய பாரத்தை யாரோ கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்படிச் சுகமாக இருந்ததற்குத்தான் அழுதேன். இதில் தப்பு ஏதும் இருக்கிறதா? நீ சொல்ல மாட்டாய், நானாகவேதான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

திங்கட்கிழமையிலிருந்து ஆறு மணி பேட்ச். நாலரைக்கே எழுந்திருக்க வேண்டும். எத்தனை நாளைக்கு இந்த உடம்பு தாங்கும் என்று தெரியவில்லை, தாங்குகிறவரை போவேன். ஒன்றை மட்டும் உனக்கு வாக்காகச் சொல்கிறேன். இனித் தண்ணீருக்குள் உன்னைத் தேட மாட்டேன். நீ அங்கே நிற்பதாக உள்ளே யாரோ அடித்துச் சொன்னாலும் தலையைத் தூக்க மாட்டேன். கரையேறித் தலை துவட்டும்போது உன்னோடு பேசிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கை,
கோமதி