மரியாதையாகக் கத்திய பாட்டு

ஜூன் 12, சனி
காலையிலிருந்தே பாலக்காட்டுக் காற்று. கிதாருக்குப் புதுக் கம்பி மாட்டினேன். சென்னையிலிருந்து கேசட் கம்பெனிக்காரர் போன். எங்கள் ராக் குழுவின் முதல் கேசட் தீர்ந்துவிட்டதாம், மறுபடி போடுகிறார்களாம்! குதித்ததில் டீ கொட்டியது.

பிறகு அவரே: "ரெண்டாவது கேசட்ல அந்தக் கதவுப் பாட்டை மட்டும் மாத்தும்மா. ராக் பாட்டுன்னா கோபம் வேணும். கோபத்துல யாராவது 'ங்க' போடுவாங்களா?"

நாங்கள் போடுவோம்.

ஜூன் 13, ஞாயிறு
சிங்காநல்லூர். பாஸ் கிதார் வாசிக்கும் கதிரின் லேத் பட்டறை. லீவு நாள், எங்கள் ராஜ்ஜியம். கம்பெனிக்காரர் சொன்னபடி பாடிப் பார்த்தேன்: "கதவைத் திற, இல்லையேல் உடைப்பேன்." ட்ரம்ஸில் சரசு. என் சித்தி மகள், கிணத்துக்கடவில் பி.டி. டீச்சர். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"ஏனுங்க்கா, இது ஆரு பேசறது? நாடகத்து ராசாவா?"

சிரித்துச் சிரித்துக் கதிருக்கு விக்கல்.

போன வருடம் ஒரு மண்டபத்து மேனேஜர், "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்குங்க ட்ரம்ஸு?" என்று எங்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார். சரசு வாசலில் நின்று கத்தினாள்: "கதவைத் தொறங்க, இல்லீன்னா ஒடைச்சுப்போடுவனுங்க!" அதுதான் பாட்டு. ஒரு எழுத்தும் என் சொந்தமில்லை. எப்படி மாற்ற?

ஜூன் 16, புதன்
மாட்டேன் என்று கம்பெனிக்காரரிடம் போனில் சொல்லிவிட்டேன். அவர்: "சனிக்கிழமை கோயமுத்தூர் கச்சேரிக்கு நானே வரேன். எடுபடலைன்னா கேசட்ல அந்தப் பாட்டு கிடையாது."

வாங்க வேண்டியது: இன்சுலேஷன் டேப், பனங்கற்கண்டு, சரசுவுக்கு ஷூ லேஸ்.

அம்மா: "கண்ணு, தொண்டைய இப்பவே புண்ணாக்கிப்போடாத."

ஜூன் 20, ஞாயிறு
நேற்று! காலேஜ் மைதானம், மாலை ஐந்து, சாரல். கடைசியாகக் கதவுப் பாட்டு. இரண்டாம் அடியில் கரண்ட் போச்சு. மைக் செத்தது, கிதார் செத்தது. சரசு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தாள். ட்ரம்ஸுக்கு எதற்குக் கரண்ட்? மேடை விளிம்புக்கு ஓடி வெறும் தொண்டையில் பாடினேன். முன்வரிசை பிடித்துக்கொண்டது, பிறகு மைதானம் முழுக்க. ஒவ்வொரு "ங்க"வுக்கும் ஒரு கைதட்டல், சரியான இடத்தில். மூன்று முறை பாடினோம். எனக்கு அழுகையும் சிரிப்பும்.

கம்பெனிக்காரர் தொப்பலாக நனைந்து வந்து நின்றார், குரல் கம்மியிருந்தது. "நானும் கத்திட்டேம்மா. அந்த 'ங்க'லதான் ட்ரம்ஸ் அடியே விழுது. மாத்தாதே."

கதிர்: "மாத்தலீங்க. மொதல்ல தலையத் தொடைங்க."

ஜூன் 25, வெள்ளி
சென்னை, ரெக்கார்டிங். புழுக்கம். சரசு பள்ளிக்கு இரண்டு நாள் லீவு (காரணம்: "சொந்தத்தில் கல்யாணம்"). கதவுப் பாட்டு, மூன்றாவது டேக். கடைசி அடியில் அவள் குச்சி படீரென்று முறிந்தது. இன்ஜினியர் நிறுத்தவில்லை. மிச்சத்தை ஒற்றைக் குச்சியில் அடித்து முடித்தாள். போட்டுக் கேட்டோம். முறிந்த சத்தம், கதவு உடைந்தது போல, தெளிவாக விழுந்திருக்கிறது.

அதையே வைத்துக்கொண்டோம்.