பாறைச்செடியும் உன் அம்மாவின் மூச்சும்

அன்பு மகள் யுலிதாவுக்கு, மெலாவி ஆற்றங்கரையிலிருந்து அப்பா எழுதுவது. தைவானில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவரும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, இந்த முறை மனம் ஒப்பவில்லை மகளே. போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் வேறு எதையாவது பேசி வைத்துவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வருஷம் காட்டுத்தீப் புகை மோசம். ஆற்றுக்கு அக்கரை தெரியவில்லை, கோழிகள் நடுப்பகலில் கூரைக்குள் அடைகின்றன. அம்மாவின் நெஞ்சு மறுபடி இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நுரையீரல் இறுகிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். உள் அறையில் படுக்கை போட்டு, ஜன்னலை ஈரப் போர்வையால் மூடியிருக்கிறேன். பகலிலும் அங்கே இருட்டு. முதல் நாளே அவள், "என் தொட்டிய இங்க கொண்டாந்து வைங்க, அதுக்கும் வெளிச்சம் வேணாம், எனக்கும் வேணாம்" என்றாள். பக்கத்து வீட்டுத் தெரேசியாவும் நானும் அந்தக் கண்ணாடி மீன்தொட்டியைத் தூக்கி வைத்தோம். அருவிப் பாறையிலிருந்து எடுத்து அவளே நூலால் கல்லில் கட்டித் தண்ணீருக்குள் வளர்த்த செடிகள், உனக்குத் தெரியுமே, விரல் நகம் அளவு இலை, சாய்த்துப் பார்த்தால் நீலம் அடிக்கும். சின்ன விளக்கு ஒன்று போதும், அதிகம் எரிந்தால் பாசி பிடிக்கும் என்று படுத்தபடியே என்னை அதட்டுவாள். மாதத்துக்கு ஓர் இலை விடும் செடியை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள், அப்போது இருமல்கூடக் கொஞ்சம் தணிந்தது போல எனக்குத் தோன்றும். அந்த அருவி இப்போது இல்லை, பாறையை எல்லாம் உடைத்து ரோட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சிந்தாங்கிலிருந்து வந்த செடி வியாபாரி ஆஹியன், "அக்கா, இது இப்ப மலையிலயே கிடையாது, ஒரு கல்லாவது குடுங்க" என்று கெஞ்சினான். இவள் மூச்சு வாங்க வாங்க, "மலையில இல்லாம சுரண்டிட்டுப் போனது யாருடா, என் மாமியாரா?" என்று கேட்டாள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அவளும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் அவள் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது.

அப்புறம் மழை நின்றுபோனது. தொட்டிக்கு எப்போதும் கூரையில் பிடித்த மழைத் தண்ணீர்தான் ஊற்றுவோம், பீப்பாய் வறண்டுவிட்டது. ஒரு தூறல் விழுந்தது, அதுவும் சாம்பலோடு கறுப்பாக. ஆறு, மேலே தங்கம் அரிக்கிறவர்களால் மஞ்சள் சேறு. தொட்டியில் தண்ணீர் இறங்கி மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின, செடிக்கு ஆகாது என்று தெரிந்தும், வேறு வழியில்லாமல் அவளைக் கேட்டுக்கொண்டு கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அதே வாரம் கரண்டும் போய், காற்று விடும் மோட்டார் நின்றது. இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டதும் கரைந்தன. மீன்களைத் தெரேசியாதான் அள்ளிக்கொண்டுபோய்ப் புதைத்தாள். அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று தொட்டிமேல் துணி போட்டேன். அவள், "துணிய எடுங்க, அழுகுற வாசன எனக்குத் தெரியாதா? நுரையீரல்தான் கெட்டுது, மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். எடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள், அழவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கஞ்சியும் இறங்கவில்லை.

ஒரே ஒரு தண்டு கெட்டியாக இருந்தது. அழுகலை நறுக்கி எறிந்துவிட்டு, கடையில் வாங்கின குடிதண்ணீரில், ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். காலையில் கண் விழித்ததும், "அமுக்கிப் பாத்தீங்களா?" என்பாள். "கெட்டியா இருக்கு" என்பேன். முந்தாநாள் அமுக்கியபோது என் விரலிலேயே நசுங்கிவிட்டது மகளே. இன்றைக்கும் கெட்டியாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

உன்னை வரச் சொல்லக்கூடாது, ஒப்பந்தம் முடியட்டும், புள்ள அலைய வேண்டாம் என்பது அவள் கட்டளை. நான் வா என்கிறேன். நீ வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, டாக்டராலேயே ஆகவில்லை. ஆனாலும் வா. சிந்தாங்கில் விமானம் புகையால் இறங்காவிட்டால் பொந்தியானாக்கிலிருந்து பஸ் பிடி, முகமூடி மறக்காதே, மருந்து மாத்திரை என்று வாங்கிப் பணத்தைக் கரைக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஆண்டவர் உன்னை வழியெல்லாம் கைப்பிடித்துக் கூட்டிவரட்டும்.

உன் அப்பா,
பிலிப்புஸ்

பின்குறிப்பு: நீ கவலைப்படக்கூடாதாம், தண்டு துளிர்விட்டது என்று உனக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டால், ஆமாம்மா, அப்பா எழுதியிருந்தார் என்று சொல்லிவிடு.