கதவைச் சாத்திட்டுப் போங்க

பிப்ரவரி 4

சாப்பிடும்போது கொழுந்தன் சேதி சொன்னான். எங்கள் விண்வெளி அனிமே தொடர் சினிமாவாகிறதாம். புதிதாக எதுவும் வரையப்போவதில்லை. இருபத்தாறு பாகத்தையும் வெட்டி ஒட்டி இரண்டு மணி நேரப் படம். எடிட்டர் இவன்தான். "உங்களுக்கு ஒரு நாள் வேலைதான் இருக்கும் அண்ணி" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே. முகத்தைப் பார்த்துச் சொன்னால் என்னவாம்?

கப்பலோட்டும் வாயாடிப் பெண்ணுக்கு நான்தான் குரல். தொடருக்கு ஐந்து மாதம் பேசித் தீர்த்தேன். இப்போது ஒரே நாளா?

பிப்ரவரி 9

மருந்துக் கடையில் ஒரு பெண்மணி, "அந்தக் கடைசி வசனத்தை ஒரு தடவை சொல்லுங்களேன்" என்றாள். சொன்னேன். எல்லாரையும் தப்பிக்கும் கலத்தில் ஏற்றிவிட்டு, உடைந்த கப்பலில் தனியாக நிற்கும் வாயாடி சொல்வாளே: "கதவைச் சாத்திட்டுப் போங்க, குளிருது."

ஒரே டேக்கில் பேசியது. இத்தனை வருஷம் மைக் முன்னால் கத்தியதில் என் பெயர் சொல்ல நிற்பது இந்த ஒரு வரிதான். படத்தில் அது இருக்கிறதா என்று கேட்டால் கொழுந்தனுக்கு உடனே போன் வந்துவிடுகிறது.

பிப்ரவரி 17

ஒலிப்பதிவு. வசனத்தாளே இல்லை! ஏணி ஏறும் மூச்சு, குளிரில் நடுங்கும் மூச்சு, அழுகையை விழுங்கும் மூச்சு. "இன்னும் கொஞ்சம் நீளமா மேடம்." வசனம் எங்கே என்று ஒலிப்பதிவாளரைக் கேட்டேன். "எனக்குக் கொடுத்தது இவ்வளவுதான்" என்று நகத்தை ஆராய்ந்தார்.

நாள் முழுக்க மூச்சு வாங்கிவிட்டு வந்தேன். மாடிப்படி ஏறியிருந்தால் உடம்பாவது இளைத்திருக்கும்.

பிப்ரவரி 18

கேப்டனுக்குக் குரல் கொடுத்தவருக்குப் போன் செய்தேன். அவருக்கு வசனம் இருக்கிறதாம், புதிதாகவும் கொஞ்சம் உண்டாம். என் கதையைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்பல்லாம் மெஷினுக்கு நம்ம மூச்சு கிடைச்சாப் போதும்மா. மிச்சத்தை அதுவே பேசிக்கும். உஷாரா இருங்க."

அதுதானா? சொந்த வீட்டுக்குள்ளேயா—

பிப்ரவரி 24

கொழுந்தன் அறைக்குக் காபி கொண்டுபோனேன். காபிக்காக இல்லை. என்னைக் கண்டதும் திரையை அணைத்தான். ஆனால் கழற்றி வைத்த ஹெட்போனிலிருந்து என் மூச்சு கசிந்துகொண்டிருந்தது.

இவரிடம் சொன்னால், "உனக்குப் பால்காரன் சிரிச்சாலும் சந்தேகம்" என்கிறார். அந்த ஆளுக்குச் சிரிக்க என்ன காரணம் இருக்கிறது? தம்பி விஷயம் என்றால் இவருக்குக் காதே கேட்காது.

மார்ச் 3

கேட்டேவிட்டேன். "என் குரலை மெஷினுக்கு வித்துட்டியாடா?" டா போட்டுவிட்டேன். போகட்டும்.

முகம் செத்துவிட்டது அவனுக்கு. "ஐயோ, மெஷினா? சத்தியமா இல்ல அண்ணி."

"அப்ப என் வசனம் எங்க?"

"படத்தைப் பாருங்க அண்ணி."

பதிலா இது? மறைக்க ஒன்றும் இல்லாதவன் இப்படியா பேசுவான்?

மார்ச் 4

கொழுந்தன் துணிமணியோடு நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். வேலை நெருக்கடியாம். நம்பிவிட்டேன்.

மார்ச் 20

படம் பார்த்தோம்.

மெஷின் பேசவில்லை. வேறு யாரும் பேசவில்லை. வாயாடிக்குப் படம் முழுக்க ஒரு வசனம்கூட இல்லை! அவள் வாய் அசையும் ஷாட் ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கியிருக்கிறான். ஹெல்மெட், முதுகு, கண். மற்றவர்கள் அவளிடம் பேசுகிறார்கள், அவள் மூச்சு விடுகிறாள். பாதியில் எழுந்தேன். இவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

கடைசிக் காட்சி வந்தது. கலத்தின் கதவு. என் உதடு தானாக அந்த வரியைச் சொல்லத் தயாரானது. வரவில்லை. அந்த நீளமான மூச்சு மட்டும் வந்தது. உள்ளே இழுத்தது, வெளியே விடவேயில்லை. கதவு மூடியது.

அரங்கில் ஒரு இருமல் இல்லை. முன் வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நானும் அழுதேன். காணாமல் போன வரிக்காகவா, அந்த மூச்சுக்காகவா? தெரியவில்லை. கோபம் இன்னும் போகவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பாவி.

மார்ச் 21

மதியம் கொழுந்தன் போன். "படம் எப்படி இருந்துச்சு அண்ணி?"

வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது.

"அண்ணி? லைன்ல இருக்கீங்களா? திட்டவாவது செய்யுங்க. ஏதாவது பேசுங்க அண்ணி."

என் வசனத்தில் ஒரு வரி விடாமல் வெட்டினவன்! கொஞ்ச நேரம் கெஞ்சட்டும் என்று விட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவன் தட்டையும் எடுத்து வைத்தேன்.