நூற்று அறுபத்தொன்பது கையெழுத்து

அக்டோபர் 11, செவ்வாய்

தபால் வண்டிக் கதவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். போன வருஷம் இப்படி ஒரு காற்றில் கதவு பிய்த்துக்கொண்டு போய் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. எங்கள் தீவில், அதுவும் இந்தக் கார்னபோஸ்ட் ஊரில், எதற்குப் பஞ்சம் வந்தாலும் காற்றுக்கு மட்டும் வராது.

வீட்டுக்குள் வந்தால் டோர்மட் அண்ணன் இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேலே கடலுக்குப் போகிற கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி சகிதம் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் நான் போட்டுவிட்டுப் போன ஹீட்டர் அணைந்து கிடக்கிறது.

"யாரு அணைச்சா?"

"அதுவா அணைஞ்சிருக்கும்."

அறுபத்தெட்டு வயதில் வாய்கூசாமல் பொய். இவர் சபைக்கு மூப்பர் வேறு! கொஞ்சம் முறைத்ததும் உண்மை வந்தது. "மீட்டர் குடிக்குது பெகி. நீ ஊரெல்லாம் சுத்திக் கொண்டாரதை அது செவுத்துல தொங்கிக்கிட்டே குடிக்குது." முன்பணம் போட்டால்தான் ஓடும் மீட்டர் அது. பணம் தீர்ந்தால் விளக்கும் போய்விடும், சூடும் போய்விடும்.

சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கொட்டகை நிறைய இருக்கிறது. எரிக்க முடியாது. அந்தப் புகை ஒரு நாள் போதும், அண்ணன் நுரையீரல் நின்றுவிடும் என்று நர்ஸ் கட்ரியோனா சொல்லிவிட்டாள். அறை பதினெட்டு டிகிரிக்குக் கீழே போகக்கூடாதாம். முடியாவிட்டால் ஸ்டார்னோவே டவுன் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்கிறாள்.

"என்னை அங்க கொண்டுபோய்ப் போட்டேன்னா அன்னிக்கே நான் செத்தேன்" என்கிறார் அண்ணன். அனுப்பமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் சம்பளத்தை நம்பியா கொடுத்தேன்? எதை நம்பிக் கொடுத்தேனோ.

அக்டோபர் 20, வியாழன்

பழைய பள்ளிக்கூடத்தில் கூட்டம். டோலினாதான் கூட்டினாள். கப்பல் டிக்கெட் கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து கத்தியவள், மைக் வேண்டாம் அவளுக்கு.

"நம்ம தலைமேல அடிக்கிற காத்து. அதுல வர்ற கரன்ட் கடலுக்கடியில கம்பி வழியா பெருநிலத்துக்குப் போகுது. அங்கிருந்து கம்பெனிக்காரன் நமக்கே வித்துடறான். நாட்டுலயே நாமதான் அதிக விலை குடுக்கறோம். கேட்டா தூரமாம்! காத்து வீட்டு வாசல்ல அடிக்குது, எங்கய்யா தூரம்?"

திட்டம் இதுதான். மேய்ச்சல் குன்றில் ஊருக்கென்று சொந்தமாக ஒரே ஒரு காற்றாலை. அதில் வருகிற கரன்ட் முதலில் ஊர் வீடுகளுக்கு, பாதி விலையில். கட்டுவதற்குப் பணம் தர எடின்பரோவில் ஒரு நிதி அலுவலகம் தயாராக இருக்கிறது. ஊரில் வயது வந்த இருநூற்று அறுபது பேரில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது நூற்று எழுபத்து நாலு. நவம்பர் 28, திங்கள் நண்பகல் கடைசி.

"யாரு வாங்கறது?" என்றாள் டோலினா. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. தபால்காரியாயிற்றே.

பாதி விலை என்றால் அண்ணன் அறையில் ராப்பகலாக ஹீட்டர் ஓடும். எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை.

அக்டோபர் 29, சனி

ஒன்பது நாள், இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து! நெட்டை மர்டோ, கப்பல் மர்டோ, கோழி டொனால்ட், செவிட்டு டொனால்ட், எல்லோரும் போட்டார்கள். கடா மர்டோதான் ஒரு மணிநேரம் படுத்தினார்.

"காத்தாடி சுத்தற சத்தத்துல என் ஆடு குட்டி போடலைன்னா நீ வந்து போடுவியா?"

"உங்க பேச்சைக் கேட்டே குட்டி போடுது. காத்தாடிக்கா பயப்படப்போகுது?"

அவர் பெண்டாட்டி உள்ளேயிருந்து சிரித்த சிரிப்பில் மனுஷன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

படிவத்தில் வீட்டு எண்ணுக்கு ஒரு கட்டம். "இது எதுக்குப் பெகி?" என்று ஒவ்வொருத்தரும் கேட்டார்கள். "விடுங்க, எனக்குத் தெரியாதா உங்க வீடு?" என்றேன். இந்த ஊரில் கடிதத்தில் எண் எழுதுகிறவன் யார்? கையெழுத்தையும் தபால் முத்திரையையும் பார்த்தே எந்த மர்டோவுக்கு என்று சொல்லிவிடுவேன்.

நவம்பர் 2, புதன்

அனுப்பியாயிற்று. அண்ணன் ஜெபம் பண்ணினார். நான் ஆமென் சொன்னேன், சத்தமாக.

நவம்பர் 24, வியாழன்

எடின்பரோ கடிதம். நானே கொண்டுபோய் டோலினா கையில் கொடுத்தேன். பிரித்தாள். படித்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதாம். மர்டோ மெக்லியோட் என்று பத்தொன்பது. டொனால்ட் மெக்லியோட் இருபத்து மூன்று. மேரி மெக்லியோட் பதினாறு. முகவரி இல்லை. ஒருவரே பலமுறை போட்டதாகக் கருதி அடித்துவிட்டார்களாம். செல்லுபடியானது தொண்ணூற்றேழு.

அவர்களைச் சொல்லி என்ன? பத்தொன்பது மர்டோ மெக்லியோட் இருக்கிற ஊரை அவர்கள் எங்கே பார்த்தார்கள். பட்டப்பெயர் காகிதத்தில் இல்லை, என் தலையில் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தால் — ஒரு எண், ரெண்டே ரெண்டு இலக்கம் — ஐயோ, முகவரிதானே எனக்குப் பொழப்பு! தபால்காரியாம் தபால்காரி.

டோலினா திட்டவில்லை. "திங்கள் மத்தியானம் வரைக்கும் டைம் இருக்கு. அடிச்சதையெல்லாம் மறுபடி வாங்கு" என்றாள். திட்டியிருக்கலாம்.

அண்ணனிடம் சொல்லவில்லை.

நவம்பர் 26, சனி

நேற்று மழையில் அலைந்து நாற்பத்தொன்று. இன்று செவிட்டு டொனால்டின் தம்பி அடக்கம். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் முறைவைத்துப் பெட்டியைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து நடந்தார்கள். சாவுக்குப் போகிறவன் எதிரில் பேனாவை நீட்ட முடியுமா? மாலைக்குள் பத்து கிடைத்தது. மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு. இன்னும் இருபத்தாறு வேண்டும்.

நாளை ஓய்வுநாள்.

நவம்பர் 27, ஞாயிறு

மிச்சமிருக்கிற ஆட்கள் முக்கால்வாசி கோயிலில் என் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். முதுகை எண்ணினேன். போதகர் என்ன பிரசங்கித்தார் என்று கேட்டால் தெரியாது. படிவம் என் பையில் இருந்தது. ஏன் எடுத்துப் போனேன்?

வெளியே வந்து வாசலில் நின்று பையைத் திறந்தேன். கடா மர்டோ பார்த்துவிட்டார். கோபமில்லை, என்னைக் காப்பாற்றுகிற மாதிரிதான் சொன்னார். "நாளைக்கு வா பெகி. விடியக்காலம் அஞ்சு மணிக்கு வேணாலும் கதவைத் தட்டு. இன்னிக்கு வேணாம்."

மூடிவிட்டேன். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கொடியில் துணி காயாது, படகு நகராது. நான் மட்டும் பேனாவை நீட்டுவதா? ஆனால் என்னைத் தடுத்தது கர்த்தரா, ஊர் வாயா? அண்ணன் காலையிலிருந்து இருமிக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 28, திங்கள்

ஐந்து மணிக்குக் கிளம்பினேன். எல்லாக் கதவும் திறந்தது. கடா மர்டோ பேனாவோடு வாசலிலேயே நின்றார். பதினொன்றரைக்குள் நூற்று அறுபத்தொன்பது. இன்னும் ஐந்தே ஐந்து — மிச்சமிருந்த அரைமணியில் எட்டக்கூடிய தூரத்தில் இருந்தது நெட்டை மர்டோவும் அவர் படகில் போகிற நாலு பேரும்தான்.

நெட்டை மர்டோவின் மனைவி வாசலில் வந்து நின்றாள். "ராத்திரி பன்னெண்டு அடிச்சதும் கடலுக்குப் போயிட்டாங்களே பெகி. உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஞாயிறு முடிகிற நிமிஷம் படகை அவிழ்ப்பார்கள், வாராவாரம், என் அப்பா காலத்திலிருந்து. கையெழுத்து வாங்க வேண்டியவள் பன்னிரண்டு மணிக்குப் படகுத்துறையில் நின்றிருக்க வேண்டும். நான் அலாரம் வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கினேன்.

டோலினா நூற்று அறுபத்தொன்பதையும் ஒரு விளக்கக் கடிதத்தையும் பன்னிரண்டுக்குள் மின்னஞ்சலில் அனுப்பினாள். கடிதம் நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

டிசம்பர் 8, வியாழன்

ஏற்கவில்லை. விதி விதிதானாம். இரண்டு வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாமாம்.

அண்ணனிடம் இன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். "அஞ்சு பேரா?" என்றார். கொஞ்ச நேரம் இருமினார். "ஞாயித்துக்கிழமை நீ கேட்காம வந்தது சரி. அதுல வருத்தப்படாதே." மூப்பராகப் பேசினார். அண்ணனாகப் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

டிசம்பர் 19, திங்கள்

பாழாப்போன ஹீட்டரை மறுபடி அணைச்சிருக்கார். நான் வேலை முடிஞ்சு வந்து பார்க்கறேன், உதடு நீலம். கூப்பிட்டா கண்ணு மட்டும் அசையுது. அறையில ஒன்பது டிகிரி. ஒன்பது! வெளியில காத்து கூரையைப் பேத்தெடுக்கற மாதிரி அடிச்சுக்கிட்டிருக்கு. அவ்வளவு காத்து. இந்தத் தீவைப் பத்து தடவை சூடாக்கலாம் அதை வச்சு. ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிஷம். என் கோட்டு, போர்வை, தபால் பை, கையில கிடைச்சதையெல்லாம் அவர் மேல போட்டேன்.

இனி எழுத முடியல.

ஜனவரி 6, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முதியோர் இல்லம். கட்ரியோனா என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். நான் தாளில் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்த வாக்கு அதோடு போயிற்று.

ஜனவரி 21, சனி

ஸ்டார்னோவேயில் மின்கட்டணத்தை எதிர்த்து ஊர்வலம். டோலினா கூப்பிட்டாள், போனேன். நாற்பது பேர் இருப்போம். காற்று பதாகையைப் பிடுங்கித் துறைமுகத் தண்ணீரில் போட்டது. "நல்லதாப்போச்சு, மீனாவது படிக்கட்டும்" என்றாள் டோலினா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, வண்டிக்குள் போய் உட்கார்ந்து அழுதேன்.

அவள் விடுவதாயில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு மறுபடி வாங்குவோம் என்கிறாள். யாருக்காக வாங்குவது?

பிப்ரவரி 3, வெள்ளி

அண்ணன் இன்று அரைக்கைச் சட்டையில் இருந்தார். அவர் முழங்கையைப் பார்த்து எத்தனை வருஷமாகிறது! குச்சி மாதிரி கை. அத்தனை ஸ்வெட்டருக்குள் இவ்வளவு இளைத்துப் போயிருந்திருக்கிறார், ஒரே வீட்டில் இருந்தும் நான் பார்க்கவில்லை. கன்னத்தில் மட்டும் நிறம் வந்திருக்கிறது. இருமல் பாதிக்குப் பாதி.

"வசந்தம் வந்ததும் கூட்டிட்டுப் போயிடறேண்ணே" என்றேன்.

ஜன்னலைப் பார்த்தார். "பெகி... கூப்பிடாதே. கோவிச்சுக்காதே. இங்கே சூடா இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். பிறந்த வீடு, அப்பா கட்டினது, அங்கேதான் சாவேன் என்று அடம்பிடித்த மனுஷன்.

பிப்ரவரி 17, வெள்ளி

நெட்டை மர்டோ படகிலிருந்து ஒரு பை நிறைய மீன் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, தட்டாமல் போய்விட்டார். இது மூன்றாவது தடவை. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று போய்ச் சொல்ல வேண்டும். சொல்லத் தெம்பில்லை.

மார்ச் 9, வியாழன்

தினமும் வேலை முடிந்ததும் முப்பது மைல் போய் அண்ணனைப் பார்க்கிறேன். ஊரே மெச்சுகிறது. "கூடப்பிறந்தவள்னா இப்படில்ல இருக்கணும்" என்று கடா மர்டோ தன் தங்கையை வைத்துக்கொண்டே சொன்னாராம். போதகர் ஜெபத்திலேயே என் பெயரைச் சொன்னார்.

உண்மையை இங்கே மட்டும் எழுதுகிறேன். நான் கதகதப்புக்குப் போகிறேன். எனக்கு ஒருத்திக்கு எதற்கு என்று ஜனவரியிலிருந்து வீட்டில் ஹீட்டரே போடவில்லை. விரல் மரத்துப்போய்க் கடிதத்தைப் பிரிக்க வரவில்லை. மூன்று மணிக்கெல்லாம் அந்த அறையின் சூடு நினைவுக்கு வந்துவிடுகிறது. அண்ணன் முகம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

இன்று உள்ளே நுழைந்தால், ஹீட்டரை ஒட்டியிருந்த தன் நாற்காலியை விட்டுவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "கோட்டைக் கழட்டிட்டு அங்கே உட்காரு" என்றார். "எப்படி இருக்கீங்கண்ணே?" என்று கேட்டேன். "நீ உட்காரு முதல்ல."

உட்கார்ந்தேன். சூட்டில் கண் சொக்கி, பாதி மூடியபடி சாய்ந்து கிடந்தேன். பார்வையாளர் நேரம் ஐந்து மணியோடு சரி. ஐந்து மணிக்குப் பணிப்பெண் எட்டிப் பார்த்தாள். அண்ணன் வாயில் விரலை வைத்து, "மூச்சு கொஞ்சம் சரியில்லைம்மா. இவ பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்" என்றார். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

நான் தூங்குகிற மாதிரியே கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை.