துரை போன சந்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாய், அதனால் அதைக் கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன், அதற்காவது பொய் சொல்லாமல் பதில் எழுது. கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, நம் வீட்டில் பேசுவதெல்லாம் மாடிக்குக் கேட்கிறது. அதை எப்படித் தெரிந்துகொண்டோம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய். உன் பூனை உயிரோடு இருக்கிறது. துரை நம் மூன்று பேரையும் விட நன்றாக இருக்கிறான்.

நீ வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து அவன் வீட்டில் உள்ள சந்து பொந்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் நீ விட்டுப்போன பெட்டிக்குள், துவைக்கிற மிஷினின் வயிற்றுக்குள், அப்பாவின் மழைக்கோட்டுக் கைக்குள் கூட. உன்னைத்தான் தேடுகிறான் பாவம் என்று அப்பா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் மாதிரி மூலையெல்லாம் மோந்துவிட்டு, பிடிக்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வருவான். கடைசியில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரி அவனுக்குப் பிடித்துப்போனது. அதற்குள் நுழைந்தால் பாதி நாள் ஆளைக் காணோம். திரும்பி வரும்போது மீசையில் ஒட்டடை, உடம்பில் முகப்பவுடர் வாசனை. நான் ஹோட்டல் சலவைக்கூடத்தில் போர்வைக்கு இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவள், என் துணியில் இருக்கும் வாசனைதான் ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஆள் பெருத்துக்கொண்டே போனான். அப்பா திருட்டுத்தனமாகப் பால் ஊற்றுகிறார் என்று நான் நினைத்தேன், நான் மீன் போடுகிறேன் என்று அவர் நினைத்தார், இதற்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை.

மாடியில் இருக்கும் நம் வீட்டுக்காரரைத்தான் உனக்குத் தெரியுமே. வாசல் கேட்டுக்குப் பூட்டு, மொட்டை மாடிக்குப் பூட்டு, தோட்டத்துக் குழாய்க்குக் கூடப் பூட்டு என்று போட்டதால் நீதான் அவருக்குப் பூட்டு என்று பேர் வைத்தாய். பிராணி கூடாது, ஆணி கூடாது, மீறினால் மறுநாளே காலி என்று முதல் நாளே சொன்னவர் இன்னும் மாதாமாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்து சுவரைத் தடவிப் பார்க்கிறார், நாம் சுவரைத் தின்றுவிடுவோம் என்று பயம் போல. சாவிக்கொத்துச் சத்தம் கேட்டாலே துரை அலமாரிக்குள் போய்விடுவான், அந்த விஷயத்தில் அவன் நமக்கு வேலையே வைத்ததில்லை. இன்னொரு வீடு தேடுவது என்றால் என்ன என்று எனக்கு இன்னும் மறக்கவில்லை. போகிற இடமெல்லாம் என்ன வேலை, எத்தனை பேர், என்ன ஆளுங்க என்று கேட்டுவிட்டு, என் வெந்துபோன கையைப் பார்த்துவிட்டு, நேற்றுதான் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். கதவில் காலி என்ற பலகை அப்படியே தொங்கும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு உயிர் போய் வந்தது.

அன்று காலையில் உன் அப்பாவுக்குத் திடீரென்று கரப்பான்பூச்சி மேல் கோபம். பெரிய பெரிய வீடுகளுக்குச் சமையலறை அலமாரி மாட்டுகிறவர், ஒரு நூல் இடைவெளி விட்டாலும் தன் மானம் போய்விடும் என்று நினைக்கிறவர், தன் வீட்டு அலமாரிக்குப் பின்னால் குழாய் போகிற இடத்தில் ஒரு தலையணை நுழைகிற அளவுக்கு ஓட்டை இருப்பதை அன்றுதான் பார்த்தார். வேலையிடத்தில் மிஞ்சிய பிளைவுட்டை அளவாக அறுத்து, ஸ்க்ரூ முடுக்கி, விளிம்பு முழுக்க வெள்ளைப் பசை இழுத்து, எச்சில் தொட்ட விரலால் நீவிவிட்டு, எறும்பு கூடப் போகாது பார் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் துரை எங்கே என்று கேட்டேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு மியாவ். அப்பா ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறார், நான் தேடுகிறேன், அது அவர் காதில் சொருகியிருக்கிறது. அதற்குள் படியில் சாவிக்கொத்துச் சத்தம்.

பூட்டு நேராகச் சமையலறைக்கே வந்தார். சுவர் அழுதது. அது என்ன சத்தம் என்றார். குழாயில் காற்றுங்க என்றார் அப்பா. இந்தக் குழாய் ஒழுகுது, சுவர் ஈரம் அடிக்குது என்று இரண்டு வருஷமாக நாம் சொல்லி, நீங்க துணியை உள்ளே காயப்போடறீங்க அதான் என்று அவர் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார் அல்லவா, வாய் தன்னால் சொல்லிவிட்டது, குழாயில் ஒரு குறையும் கிடையாது என்று. அப்போ சுவர்தாங்க என்றார் அப்பா. சுவர் புதுசு மாதிரி இருக்கு என்றார் அவர். குழாயும் நல்ல குழாய், சுவரும் நல்ல சுவர், ஆனால் அழுகிறது. மனுஷன் சுவரில் காதை வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டு நின்றார். அப்போது சத்தம் நகர ஆரம்பித்தது. தொட்டி உயரத்தில் கேட்டது, அப்புறம் ஜன்னல் உயரத்தில், அப்புறம் கூரைக்குப் பக்கத்தில், மூன்று பேரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டே போனோம். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும், விழுந்தடித்து மாடிக்கு ஓடினார். எங்களை யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் பின்னால் போனோம். எதை முதலில் மூட்டை கட்டுவது என்று ஏறும்போதே யோசித்துவிட்டேன்.

இத்தனை வருஷத்தில் அவர்கள் வாசல்படிக்கு மேல் நான் போனதில்லை. அன்று யாரும் தடுக்காததால் குளியலறை வரைக்கும் போய்விட்டேன். முகம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே சின்னக் கதவு திறந்து கிடக்கிறது. எதிரில் முக்காலி போட்டு வீட்டுக்கார அம்மா உட்கார்ந்திருக்கிறார். மடியில் துரை. கழுத்தில் ரோஸ் கலர் ரிப்பன், பக்கத்தில் பீங்கான் தட்டில் மீன், ஒட்டடை படிந்த முதுகுக்கு அந்த அம்மா பவுடர் போட்டுவிட்டுக்கொண்டிருக்கிறார். பூட்டுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. நம்ம வீட்டுல பிராணி கூடாதுன்னு, என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

"அது கீழ்வீட்டுக்குப் போட்ட சட்டம்னு நினைச்சேன். இது என் பாப்பா, ரொம்ப நாளா வருது. நீங்க எங்க பாத்தீங்க, எப்பவும் கீழ போய் அடுத்தவங்க சுவரைத்தானே தடவிக்கிட்டு இருக்கீங்க" என்றார் அந்த அம்மா, பவுடர் போடுவதை நிறுத்தாமலே.

பூட்டு சட்டென்று எங்கள் பக்கம் திரும்பி, இதை நீங்க பாத்திருக்கீங்களா என்று கேட்டார். உன் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. சாப்பாட்டுப் பைக்குள் அவனைக் குட்டியாக ஒளித்துக் கொண்டுவந்தாயே, அந்த முகம். அந்த அம்மா என்னைப் பார்த்தார். எல்லாம் தெரிந்த பார்வை அது. இல்லீங்க என்றேன். சொல்லி முடிக்கவில்லை, துரை மடியிலிருந்து குதித்து, தினம் செய்வது போல அப்பாவின் பாதத்தின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டான். அப்பா சிலை மாதிரி நின்றுகொண்டு, சே, என்னங்க இது, யாரைப் பாத்தாலும் ஒட்டிக்கும் போல என்றார். தினமும் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு செய்தி கேட்கிற மனுஷன். பூட்டு கொஞ்ச நேரம் பூனையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். சரி, முடி கொட்டாம பாத்துக்கோ என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நாம் வைத்திருந்தால் பிராணி, அவர் வீட்டில் இருந்தால் பாப்பா. வீடு அவர்களுடையது, தண்ணீர் அவர்களுடையது, சரி, ஒரு பூனையாவது நம்முடையது என்று இருந்தோம், அதையும் வாயைத் திறந்து கொடுத்துவிட்டு வந்தேன். கோபப்படு, ஆனால் என்னிடம் படாதே.

மறுநாள் பூட்டு வெளியே போனதும் அந்த அம்மா இறங்கி வந்தார். கையில் மீன் டின். நம் ஸ்டூலில் உட்கார்ந்து, பாப்பா காலையிலிருந்து அந்தக் கதவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கு, கீழே வழி இல்லை போல என்றார். அப்புறம்தான் சொன்னார், அந்தச் சந்து வழியாக நம் பேச்செல்லாம் மேலே வருமாம். உன் பேர் கூடத் தெரிந்திருக்கிறது. நீங்க போடற சண்டைதான் எனக்குப் பொழுதுபோக்கு, எங்க வீட்டில யாரு பேசறா என்றார். போகும்போது கதவில் நின்று, பூட்டுன்னு நல்ல பேரா வச்சிருக்கா உங்க பொண்ணு என்றார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போகலாமா என்று இருந்தது.

அன்று மாலை உன் அப்பா தொட்டிக்குக் கீழே போய்ப் படுத்தார். தான் அடைத்த பிளைவுட்டின் நடுவில் தட்டை வைத்து வட்டம் போட்டு அறுத்தார். சிராய் இருக்கக் கூடாதென்று உப்புக்காகிதம் தேய்த்தார், மறுபடி தேய்த்தார், கடைசியில் தன் கன்னத்தை விளிம்பில் வைத்து உரசிப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு வேலையிலும் இடைவெளி விடாத மனுஷன். அவர் தலையை எடுப்பதற்குள் ரிப்பனோடு துரை அவர் மேல் ஏறி வெளியே வந்துவிட்டான்.

இனிமேல் போனில் துரை என்று கத்திக் கூப்பிடாதே, பாப்பா எப்படி இருக்கு என்று கேள், எனக்குப் புரியும். பூட்டு என்ற பேச்சே வேண்டாம். அங்கே முதியோர் இல்லத்தில் மற்றவர்கள் அப்பா அம்மாவைத் தூக்கித் தூக்கி உன் இடுப்பு போகிறது, இரண்டு பேர் தூக்க வேண்டியவரை ஒருத்தியாகத் தூக்கச் சொன்னால் முடியாது என்று சொல், அதற்கு இல்லீங்க என்று ஒரு வார்த்தை போதும், உன் அம்மாவுக்கு அது தப்பான இடத்தில்தான் வந்தது. எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இரு.

உன் அம்மா, அப்பா. மேல்வீட்டுப் பாப்பாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.